நாம் ஜெயித்தோம், அவன் தோற்றான்

அன்புள்ள ஐயா,

உங்கள் எழுத்தை நாலைந்து வருடங்களாகப் படித்து வருகிறேன். கடிதம் எழுதுவது இதுதான் முதல் முறை.

சமீபத்தில் நம் அணி அரையிறுதியில் தோற்றது. லீக் சுற்றில் நாம் எல்லா ஆட்டத்திலும் ஜெயித்து வந்தோம். அரையிறுதியில் அவன் கைக்கு வந்த கேட்சை விட்டான், எல்லாம் போயிற்று. எனக்கு அழுகை வந்துவிட்டது. அறை நண்பன் சிரித்தான். "பதினொரு பேர் சம்பளத்துக்கு ஆடுகிறார்கள். கொடி என்பது ஒரு துணி. நீ எதற்கு அழுகிறாய்?" என்று கேட்டான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

விளையாட்டில் வரும் தேசப்பற்று உண்மையானதா, இல்லை நமக்குக் கொடுக்கப்படும் போதையா? பகை நாட்டோடு விளையாடலாமா? எதிரணிக்குக் கைதட்டுபவனைத் துரோகி என்று சொல்வது சரியா? உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

அன்று இரவு கோபத்தில் கேட்சை விட்டவனைப் பற்றி முகநூலில் கொஞ்சம் மோசமாக எழுதிவிட்டேன். பத்து நிமிடத்தில் அழித்தும் விட்டேன். அது வேறு விஷயம். அந்த வாரம்தான் தேர்வு முடிவும் வந்தது. மூன்றாவது முறையாகத் தேறவில்லை. அதனாலும் மனம் சரியில்லாமல் இருந்திருக்கலாம்.

அன்புடன்,
ர.

---

அன்புள்ள ர.,

மூன்று கேள்விகளில் இரண்டுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

பகை நாட்டோடு விளையாடுவதா வேண்டாமா என்பது காலத்தையும் காரணத்தையும் பொறுத்தது. நிறவெறி அரசு நடத்திய தென்னாப்பிரிக்காவை 1964 முதல் 1988 வரை எந்த ஒலிம்பிக்கிலும் சேர்க்கவில்லை. அது சரியான முடிவு. ஆனால் ஆடுவது என்று முடிவு செய்து மைதானத்தில் இறங்கிய பிறகு, எதிரில் நிற்பவரின் கையைக் குலுக்காமல் திரும்புவதில் எனக்கு எந்த வீரமும் தெரியவில்லை. இதற்கு மேல் இதில் சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

எதிரணிக்குக் கைதட்டுபவர் துரோகி இல்லை. நல்ல ஆட்டத்தைப் பார்த்தால் கை தானாகத் தட்டும். 1990-ல் பிரிட்டனில் நார்மன் டெபிட் என்ற அரசியல்வாதி, குடியேறி வந்தவர்கள் கிரிக்கெட்டில் எந்த அணிக்குக் குரல் கொடுக்கிறார்கள் என்று பார்த்தால் அவர்கள் விசுவாசம் தெரிந்துவிடும் என்றார். ஒருவர் பிறந்த மண்ணை நினைத்து மகிழ்வதை உளவு பார்க்கிற பேச்சு அது. அன்றும் தவறு, இன்று அதையே வேறு வேறு நாடுகளில் வேறு வேறு ஆட்கள் சொல்லும்போதும் தவறு.

சரி, உங்கள் நண்பருக்கு வருவோம். கொடி ஒரு துணி என்கிறார். துணிதான். நீங்கள் எனக்கு எழுதிய கடிதமும் வெறும் எழுத்துதான். அதைப் படித்துவிட்டு நான் இரண்டு நாளாக வேறு வேலை ஓடாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

1936 ஆகஸ்ட் 9 அன்று பெர்லின் ஒலிம்பிக்கில் மாரத்தான் நடந்தது. 2 மணி 29 நிமிடம் 19 நொடியில் ஓடி முதலாவதாக வந்தவர் சோன் கீ-சுங் என்ற கொரியர். ஆனால் கொரியா 1910 முதல் ஜப்பானின் பிடியில் இருந்தது. அவர் ஓடியது ஜப்பான் அணியில். பதிவேட்டில் அவர் பெயரைக்கூட ஜப்பானிய உச்சரிப்பில் சோன் கித்தேய் என்று எழுதியிருந்தார்கள். மேடையில் ஏறினார், ஜப்பானின் கீதம் ஒலித்தது, அவருடைய நெஞ்சிலேயே ஜப்பானின் சூரியச் சின்னம் இருந்தது. வென்றவருக்குக் கொடுக்கும் ஓக் மரக்கன்று ஒன்று கையில் இருந்தது. அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து அந்தச் சின்னத்தை மறைத்துக்கொண்டு தலைகுனிந்து நின்றார். அந்தப் புகைப்படம் இருக்கிறது, தேடிப் பாருங்கள். உலகத்தையே ஓடி ஜெயித்த ஒருவரின் முகம் அப்படி இருக்காது.

மூன்றாவதாக வந்தவரும் கொரியர்தான். அவர் பின்னாளில் சொன்னார்: சோனின் தங்கப் பதக்கத்தைப் பார்த்து எனக்குப் பொறாமை இல்லை, நெஞ்சை மறைக்க அவருக்கு ஒரு செடி கிடைத்ததே என்றுதான் பொறாமை.

டோங்-ஆ இல்போ என்ற கொரியப் பத்திரிகை அந்தப் படத்தில் சூரியச் சின்னத்தை அழித்துவிட்டு அச்சிட்டது. பத்திரிகையாளர்கள் கைது செய்யப்பட்டார்கள், பத்திரிகை மாதக்கணக்கில் முடக்கப்பட்டது. 1988-ல் சோல் நகரில் ஒலிம்பிக் நடந்தபோது தீபத்தை ஏந்திக்கொண்டு மைதானத்துக்குள் ஓடி வந்தவர் சோன் கீ-சுங். எழுபத்தாறு வயது. குழந்தைபோல் குதித்துக் குதித்து ஓடினார். 1992-ல் பார்சிலோனாவில் ஹ்வாங் யங்-சோ என்ற தென்கொரியர் மாரத்தானில் ஜப்பானியரை இரண்டாமிடத்துக்குத் தள்ளித் தங்கம் வென்றார். அன்றும் ஆகஸ்ட் 9. கிழவர் மைதானத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அவருடைய 1936 பதக்கம் ஒலிம்பிக் பதிவேட்டில் இன்றும் ஜப்பான் கணக்கில்தான் இருக்கிறது.

இதை உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள். கொடி ஒரு துணி என்று சிரிக்க முடிவது, தன் கொடியை யாரும் பறிக்காமல் வளர்ந்தவர்களால்தான். பறிகொடுத்தவருக்கு ஒரு மரக்கன்று அளவு மறைப்புகூடப் பெரிது. தேசப்பற்று போதையா என்று கேட்டீர்கள். சோனுக்கு அது போதை இல்லை, வலி. அதே பெர்லின் மைதானத்தைச் சுற்றி ஹிட்லரின் கொடிகள் பறந்தன என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்து ஒரே கூடையில் போடுகிறவர்களோடு எனக்கு வாதம் இல்லை, அவர்கள் இரண்டையும் உற்றுப் பார்க்கவில்லை.

ஆகவே அழுதது தவறில்லை. இத்தோடு முடித்திருப்பேன். ஆனால் உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தி என்னை விடவில்லை.

முகநூலில் மோசமாக எழுதினேன், பத்து நிமிடத்தில் அழித்துவிட்டேன், அது வேறு விஷயம் என்கிறீர்கள். வேறு விஷயம் இல்லை, தம்பி. நீங்கள் கேட்ட மூன்று கேள்வியையும்விட அதுதான் முக்கியம். கேட்கத் தெரியாமல் ஓரமாக வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

உங்கள் கடிதத்தை நீங்களே இன்னொரு முறை படியுங்கள். "லீக் சுற்றில் நாம் எல்லா ஆட்டத்திலும் ஜெயித்து வந்தோம்." அடுத்த வரி, "அவன் கேட்சை விட்டான்." ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே ஒரு மனிதரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியிருக்கிறீர்கள். ஜெயித்த ஆட்டங்களில் அவரும் ஆடினார் அல்லவா? அப்போது அவர் 'நாம்'-க்குள் இருந்தார். அரையிறுதியில் அரை நொடி பந்து கையில் நிற்கவில்லை, உடனே 'அவன்' ஆகிவிட்டார். 'அவன்' என்பதில் செல்லமும் உண்டு, எனக்குத் தெரியும். பிடித்த ஆட்டக்காரரை வீட்டுப் பிள்ளைபோல அவன் இவன் என்றுதான் சொல்கிறோம். நீங்கள் எழுதிய 'அவன்' அந்த அவன் இல்லை.

நம் மொழியில் இதற்கு இரண்டு சொற்கள் இருக்கின்றன. நாங்கள் என்றால் கேட்கிறவர் வெளியே. நாம் என்றால் கேட்கிறவரும் உள்ளே. எத்தனையோ மொழிகளில் இந்த வேறுபாடு கிடையாது. நமக்கு இருக்கிறது என்பதால் நாம் கூடுதலாக யோசிக்க வேண்டும். ஆடி ஜெயித்தவர்கள் "நாங்கள் ஜெயித்தோம்" என்று சொல்லிவிட்டுப் போனால் நாம் ஒன்றும் சொல்ல முடியாது. வெயிலில் நின்றது அவர்கள், எலும்பு முறிந்தது அவர்களுக்கு, பதினைந்து வயதிலிருந்து விடிகாலையில் எழுந்தது அவர்கள். நாம் பார்த்தோம், அவ்வளவுதான். ஆனாலும் அவர்கள் நம்மையும் சேர்த்துக்கொள்கிறார்கள். அவர்களுடைய 'நாங்கள்' நமக்காகத் திறந்து 'நாம்' ஆகிறது. அது நமக்குக் கிடைக்கும் தானம். தேசிய அணி என்பதன் பொருளே அதுதான்.

கோப்பையோடு வரும்போது அந்தச் சொல்லுக்குள் முண்டியடித்துக்கொண்டு ஏறிவிடுகிறோம். தோற்று வரும்போது நாம் இறங்கிப் போனால்கூடப் பரவாயில்லை, "அவர்கள் ஆட்டம், அவர்கள் தோல்வி" என்று ஒதுங்கினாலும் அதில் ஒரு நேர்மை இருக்கும். நாம் இறங்குவதில்லை. அவர்களை இறக்கிவிட்டுவிட்டு நாம் உள்ளேயே உட்கார்ந்துகொள்கிறோம். தேசம் நாம், துரோகம் செய்தவன் அவன். அந்த வீட்டைக் கட்டியவரையே வெளியே தள்ளிவிட்டு, உள்ளே இருந்துகொண்டு அதற்குத் தேசப்பற்று என்று பெயர் வைக்கிறோம்.

மோசிர் பார்போசா என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

1950 ஜூலை 16, ரியோ டி ஜெனீரோவில் மரக்கானா மைதானம். உலகக்கோப்பைக் கால்பந்தின் முடிவை நிர்ணயிக்கும் ஆட்டம், பிரேசிலும் உருகுவேயும். பிரேசிலுக்கு டிரா போதும். ஏறக்குறைய 2 லட்சம் பேர் கூடியிருந்தார்கள். ஆட்டத்துக்கு முன்பே பத்திரிகைகள் இவர்கள்தான் உலக சாம்பியன்கள் என்று அச்சிட்டுவிட்டன. பிரேசில்தான் முதல் கோலும் அடித்தது. உருகுவே சமன் செய்தது. 79-வது நிமிடத்தில் உருகுவேயின் கிஜியா வலது ஓரமாகப் பந்தோடு வந்தார். முந்தைய கோல் அவர் உள்ளே அனுப்பிய பந்தில் விழுந்தது. இந்த முறையும் உள்ளேதான் அனுப்புவார் என்று கோல்கீப்பர் பார்போசா சற்றே விலகி நின்றார். எந்தக் கோல்கீப்பரும் செய்யக்கூடிய கணிப்பு. கிஜியா அந்த இடைவெளியில் நேராக அடித்துவிட்டார். 2-1. மைதானம் மொத்தமும் வாயடைத்துப் போயிற்று.

அதோடு முடிந்திருந்தால் அது ஒரு தோல்வி. அங்கிருந்துதான் அந்த மனிதருக்கு வேறொன்று ஆரம்பித்தது. அன்று அணிந்திருந்த வெள்ளைச் சட்டையைத் தேசம் கைவிட்டது. இன்று உலகமே அறிந்த மஞ்சள் சட்டை அதற்குப் பிறகு வந்ததுதான். சட்டையைக் கழற்றிவிடலாம், பார்போசா தன்னை எங்கே கழற்றி வைப்பார்? வருடங்கள் கழித்து ஒரு கடையில் ஒரு பெண் தன் மகனுக்கு அவரைக் காட்டி, "பார், பிரேசில் முழுவதையும் அழவைத்த ஆள் இவர்தான்" என்றாளாம். 1993-ல் தேசிய அணி பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த இடத்துக்கு வாழ்த்துச் சொல்லப் போனார். ராசி போய்விடும் என்று அவரை உள்ளே விடவில்லை. அப்போது அவருக்கு எழுபத்திரண்டு வயது. 2000 ஏப்ரலில் இறந்தார். அதற்கு முன் அவர் சொன்னதை உலகம் முழுக்கப் பத்திரிகைகள் எழுதின: பிரேசில் சட்டத்தில் அதிகபட்சத் தண்டனை 30 வருடம், நான் ஐம்பது வருடமாக அனுபவிக்கிறேன்.

ஒரு கணிப்புக்கு ஐம்பது வருடம். அந்த ஐம்பது வருடத்தை அவருக்கு விதித்தது நீதிமன்றம் இல்லை. உங்களைப்போல, என்னைப்போல, தேசத்தை நேசித்த சாதாரண ஆட்கள். கடையில் நின்ற அந்தப் பெண்ணும் தேசப்பற்று உள்ளவள்தான்.

இன்னொன்றும் உண்டு. அன்று பதினொரு பேர் ஆடினார்கள். தேசத்தின் பழி விழுந்தது மூன்று பேர்மேல்: பார்போசா, பிகோடே, ஜுவெனால். மூவரும் கறுப்பர்கள். கதவுக்குப் பக்கத்தில் நிற்பவரைத்தான் முதலில் வெளியே தள்ளுகிறார்கள். 2018-ல் ஜெர்மனி அணியிலிருந்து விலகியபோது மெசுட் ஓசில், நாம் ஜெயித்தால் நான் ஜெர்மானியன், தோற்றால் குடியேறி வந்தவன் என்று எழுதினார். 2021-ல் ஐரோப்பியக் கோப்பை இறுதியில் பெனால்டியைத் தவறவிட்ட ராஷ்ஃபோர்டு, சாஞ்சோ, சாக்கா மூவர் மீதும் இங்கிலாந்தின் சொந்த ரசிகர்களே நிறவெறி வசையைக் கொட்டினார்கள். அதே வருடம் நம் கிரிக்கெட் அணி பாகிஸ்தானிடம் தோற்ற அன்று பந்துவீச்சாளர் முகமது ஷமியை அவர் மதத்தைச் சொல்லி வசைபாடியது உங்களுக்கே நினைவிருக்கும். நீங்கள் வசைபாடிய ஆட்டக்காரர் எந்த மதம், எந்த ஊர், எந்த நிறம் என்று நான் கேட்கப்போவதில்லை. உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். வேறொருவர் அதே கேட்சை விட்டிருந்தால் அதே சொற்களை எழுதியிருப்பீர்களா?

கொலம்பியாவின் ஆந்த்ரேஸ் எஸ்கோபாரைப் பற்றி விரிவாக எழுத மனம் வரவில்லை. 1994 உலகக்கோப்பையில் தன் அணியின் கோலுக்குள்ளேயே பந்து போய்விட்டது. ஊர் திரும்பினார், வாழ்க்கை இங்கே முடிந்துவிடுவதில்லை என்று பத்திரிகையில் எழுதினார், ஜூலை 2 அதிகாலை மெடலினில் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். இருபத்தேழு வயது.

இதற்கு நேரெதிரான ஒரு 'நாம்'-ஐயும் நான் கேட்டிருக்கிறேன். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஈட்டி எறிதலில் பாகிஸ்தானின் அர்ஷத் நதீம் 92.97 மீட்டர் எறிந்து தங்கம் வென்றார், நீரஜ் சோப்ராவுக்கு வெள்ளி. நீரஜின் அம்மாவிடம் கேட்டார்கள். தங்கம் வாங்கியவனும் எங்கள் பிள்ளைதான் என்றார். அந்தச் சொல் எவ்வளவு பெரியது என்று அவர் யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்தது அதுதான். அடுத்த வருடம் காலம் மாறியது, அதே வார்த்தைக்காக அதே அம்மாவை வசைபாடினார்கள். அவரை எளிமையான தாய் என்று கொண்டாடியவர்களே அதில் இருந்தார்கள் என்று நீரஜ் வருத்தப்பட்டு எழுத வேண்டி வந்தது.

அப்புறம் உங்கள் தேர்வு. ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

ராபர்ட் சியால்டினி என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்களிடம் செய்த ஓர் ஆய்வை 1976-ல் வெளியிட்டார்கள். தங்கள் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி ஜெயித்த வார இறுதிக்குப் பின் வரும் திங்கட்கிழமை, கல்லூரிப் பெயர் போட்ட சட்டையை அதிகம் பேர் அணிந்து வந்தார்கள். ஆட்டத்தைப் பற்றித் தொலைபேசியில் கேட்டால், ஜெயித்த ஆட்டத்துக்கு 'நாம்' என்று அதிகம் பேர் பேசினார்கள், தோற்ற ஆட்டத்துக்கு அந்த 'நாம்' குறைந்துபோயிற்று. இது எதிர்பார்த்ததுதான். என்னைத் தொட்டது அடுத்த பகுதி. ஆட்டத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் ஒரு சின்னப் பரீட்சை வைத்து, சிலரிடம் நன்றாகச் செய்தீர்கள் என்றும் சிலரிடம் மோசமாகச் செய்தீர்கள் என்றும் சொன்னார்கள். மோசம் என்று சொல்லப்பட்டவர்களிடம்தான் இந்த வித்தியாசம் அதிகமாக இருந்தது. தான் தோற்றவன் என்று கேட்ட காதோடு இருப்பவருக்குத்தான் ஜெயிக்கிற 'நாம்' மிகவும் தேவைப்பட்டது, தோற்ற அணியோ இன்னும் தூரத்தில் தேவைப்பட்டது.

அந்த வாரம் நீங்கள் தனியாகத் தோற்றிருந்தீர்கள். அணி ஜெயித்திருந்தால் அந்தத் தோல்வியைக் கொஞ்ச நேரம் இறக்கி வைத்திருக்கலாம். அந்த இளைப்பாறுதலை ஒருவர் கையிலிருந்து நழுவவிட்டுவிட்டார். கோபம் யார்மேல் இருந்தது என்று இப்போதாவது தெரிகிறதா? இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. எனக்கு இது நன்றாகத் தெரியும் என்பதால் சொல்கிறேன்.

எனக்குப் பதினேழு வயது. அந்த வருடம் நானும் தேர்வில் தவறியிருந்தேன். அப்பா என்னோடு பேசுவதை நிறுத்தி இரண்டு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் நாங்கள் இருவரும் ஒரே இடத்தில் உட்காருவது வானொலியில் ஆட்ட வர்ணனை வரும்போது மட்டும்தான். அவர் நாற்காலியில், நான் கீழே சுவரில் சாய்ந்து. ஒரு கோல் விழுந்தால் அவர் கை என் தோளில் தட்டிவிடும். தட்டிய பிறகுதான் நினைவு வந்து கையை எடுத்துக்கொள்வார். இறுதி ஆட்டத்தில் ஜெயித்துவிட்டால் அப்பா என்னிடம் பேசிவிடுவார் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. அவ்வளவையும் அந்த ஆட்டத்தின்மேல் வைத்திருந்தேன். கடைசியில் ஒரு பெனால்டி கிடைத்தது. அடிக்க வந்தவர் தவறவிட்டார். எந்த ஆட்டம், யார் என்று சொல்ல மாட்டேன். அப்பா எழுந்து வானொலியை அணைத்துவிட்டுப் போய்விட்டார்.

அன்று இரவு ஒரு இன்லண்ட் லெட்டர் எடுத்து அந்த ஆட்டக்காரருக்கு எழுதினேன். மூன்று பக்கமும் நிறைய எழுதினேன். பெயர் போடவில்லை, முகவரி போடவில்லை. அணியின் சங்க அலுவலக முகவரிக்கு அனுப்பினேன். அதில் என்னவெல்லாம் எழுதினேன் என்பது எனக்கு வரிவரியாக நினைவிருக்கிறது. அவருடைய வீட்டாரைப் பற்றியும் எழுதியிருந்தேன். தேசத்தை நேசிக்கிற ஒருவன் என்று கையெழுத்து இட்டிருந்தேன்.

உங்களுக்குப் பத்து நிமிடத்தில் அழிக்க ஒரு பொத்தான் இருந்தது. தபால் பெட்டியில் போட்டதை எடுக்க முடியாது. மறுநாள் காலையில் பெட்டியைத் திறக்கும் நேரம் வரை அங்கேயே நின்றிருக்கலாமே, தபால்காரரிடம் கெஞ்சிக் கேட்டிருக்கலாமே என்று பிற்பாடு எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். ஆனால் உண்மை என்னவென்றால் மறுநாள் காலையில் எனக்கு வருத்தமே இல்லை. நன்றாகத் தூங்கி எழுந்தேன். வருத்தம் வர எனக்குப் பல வருடம் ஆயிற்று. நீங்கள் பத்து நிமிடத்தில் வந்துவிட்டீர்கள். நீங்கள் என்னைவிட நல்லவர்.

இதே வயதில் வேறொரு பையன் எழுதிய கடிதத்தைப் பற்றி ரொம்ப நாள் கழித்துப் படித்தேன். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக். சோவியத் படைகள் ஹங்கேரிக்குள் புகுந்து சில வாரங்களே ஆகியிருந்தன. டிசம்பர் 6-ம் தேதி நீச்சல் குளத்தில் இரு நாடுகளும் வாட்டர் போலோ ஆடின. ஹங்கேரி 4-0 என்று முன்னணியில் இருந்தபோது எர்வின் சாடோர் என்ற ஹங்கேரி வீரரைச் சோவியத் வீரர் முகத்தில் அடித்து ரத்தம் கொட்டியது. ஆட்டத்தை நிறுத்தினார்கள். அதற்கு இரண்டு நாள் கழித்து நிறைவு விழா. அதுவரை நிறைவு விழாவிலும் நாடு நாடாகத்தான் அணிவகுப்பு. ஜான் இயான் விங் என்ற பையன், சீனப் பெற்றோருக்கு ஆஸ்திரேலியாவில் பிறந்தவன், தச்சு வேலை பழகிக்கொண்டிருந்தவன், போட்டி அமைப்பாளர்களுக்கு ஒரு கடிதம் எழுதினான். நிறைவு நாளில் எல்லா நாட்டு வீரர்களும் கலந்து நடக்கட்டும், அணிவகுக்க வேண்டாம், சேர்ந்து நடந்து வந்து கையசைத்தால் போதும், அந்த நேரத்துக்கு ஒரே தேசம்தான் இருக்கும் என்று. எப்படி நடத்தலாம் என்று படம் வேறு வரைந்திருந்தான். கடைசி நேரத்தில் அமைப்பாளர்கள் ஒப்புக்கொண்டார்கள். டிசம்பர் 8 அன்று அப்படியே நடந்தது. இன்றுவரை ஒலிம்பிக் நிறைவு விழாவில் வீரர்கள் கலந்து வருவது அந்தப் பையனின் கடிதத்தால். தொடக்க விழாவில் கொடியோடு தனித்தனியாக வருகிறார்கள், முடிவில் கலந்து வருகிறார்கள். இரண்டுமே வேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன். எழுதியவன் யார் என்று ஊருக்குத் தெரியவே பல வருடம் ஆயிற்று.

அவனுக்கும் பதினேழு வயது. அவனும் தன்னைக் காட்டிக்கொள்ளவில்லை. அதைப் படித்த நாளில் நான் சாப்பிடவில்லை.

என் கடிதம் போய்ச் சேர்ந்திருக்காது, அலுவலகத்தில் யாராவது கிழித்துப் போட்டிருப்பார்கள் என்றுதான் என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன். சில வருடம் முன்பு ஒரு பழைய பத்திரிகையில் அந்த ஆட்டக்காரரின் பேட்டி கண்ணில் பட்டது. அந்த பெனால்டியைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். நிறையக் கடிதங்கள் வந்தன, எல்லாவற்றையும் படித்தேன் என்று சொல்லியிருந்தார். ஒரே வரிதான். பிறகு பேச்சு வேறு எங்கோ போய்விட்டது. நான் அதைப் படித்தபோதே அவர் உயிரோடு இல்லை.

உங்கள் ஆட்டக்காரர் இருக்கிறார். நீங்கள் எழுதியதை அவர் பார்த்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு, இருந்தாலும் அவருக்கு எழுதுங்கள். கேட்சைப் பற்றி எதுவும் வேண்டாம், மன்னிப்புகூட நீட்டி முழக்க வேண்டாம். லீக் சுற்றில் அவர் ஆடியதில் உங்களுக்குப் பிடித்தது எதுவோ அதை எழுதுங்கள். உங்கள் பெயரைப் போடுங்கள், முகவரியைப் போடுங்கள்.

நாலாவது முறை தேர்வுக்குப் பணம் கட்டியாகிவிட்டதா? கட்டாவிட்டால் இந்த வாரமே கட்டிவிடுங்கள். முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள். தேறாவிட்டாலும் எழுதுங்கள்.

அன்புடன்